பச்சைச் சுவருக்கு எதிரே ஒரு நாற்காலி

முதலில் அந்தக் கேட்டலாக்கை மூடி வையுங்கள். ஆமாம், உங்களைத்தான் சொல்கிறேன். போன வாரம் கடைப் பக்கம் எட்டிப் பார்த்தேன். ஒரு அம்மா உள்ளே வந்து, செருப்பைக் கழற்றலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டு நிற்கிறார். அதற்குள் உங்களில் இரண்டு பேர் ஓடிப்போய், "மேடம், மாடர்னா, கிளாசிக்கா, ராயலா? எந்த ஸ்டைல் பாக்குறீங்க?" என்று அவர் மூக்குக்கு நேரே படத்தை நீட்டுகிறீர்கள். அந்த அம்மா மிரண்டுபோய், "சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன் சார்" என்று திரும்பியே போய்விட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அங்கேயே நாலு வார்த்தை கேட்டிருப்பேன். வேலையை விட்டு நின்றவள் கடையில் வந்து சத்தம் போட்டால் நன்றாக இருக்காதே என்று வாயை மூடிக்கொண்டு வந்து, இப்போது எழுதுகிறேன்.

நான் எங்கே ஆரம்பித்தேன் என்று உங்களுக்குத் தெரியும். அரியலூரிலிருந்து தினமும் பஸ் பிடித்து வந்து, பெரம்பலூர் கடையில் கட்டிலையும் பீரோவையும் தூசி தட்டி விற்றவள். அந்தக் காலத்தில் பர்னிச்சர் என்றால் கல்யாணச் சீர்தான். பெண்ணுக்கு ஒரு கட்டில், ஒரு மெத்தை, ஒரு பீரோ, கண்ணாடி வைத்த ஒரு மேஜை. பொண்ணைக் கேட்டு யாரும் வாங்க மாட்டார்கள். பிறகு ஊரில் வீடுகள் முளைத்தன. சிமெண்ட் ஆலை வேலைக்காரர்கள், வாத்தியார்கள், வெளிநாட்டுச் சம்பாத்தியக்காரர்கள் என்று எல்லாரும் கட்டினார்கள். முதலாளி என்னை, வீட்டையே போய்ப் பார்த்துப் பொருள் அமைத்துக் கொடுக்கிற வேலைக்கு மாற்றினார். அடேயப்பா, அன்றைக்கு எனக்கு வந்த குஷி! அடுத்தவர் வீட்டுக்குள் உரிமையோடு நுழைந்து சமையல்கட்டு வரைக்கும் எட்டிப் பார்ப்பதற்குச் சம்பளம் வேறு தருகிறார்கள் என்றால் யாருக்குத்தான் கசக்கும்?

எல்லா வீட்டிலும் ஒரே கூத்துதான். வருகிறவர்கள் என்ன சொல்வார்கள் என்று பார்த்துதான் வாங்குவார்கள். வரதராஜன்பேட்டையில் ஒரு ஆசிரியர் குடும்பம், கணவன் மனைவி இரண்டு பேருமே டீச்சர்கள். ஹாலை அடைத்துக்கொண்டு ஒரு எல் வடிவ சோபா எடுத்துப் போனார்கள். ஒரு வாரத்தில் போன் வந்தது. "மேடம், சோபா அருமையா இருக்கு. ஆனா சாயங்காலம் செபமாலை சொல்ல முட்டி போட எடமில்ல. பாதிப் பேரு ஹால்ல, பாதிப் பேரு வராண்டால. ஒரே செபம் அங்க ஒரு வேகத்துல போவுது, இங்க ஒரு வேகத்துல போவுது. சண்டையே வந்துடுச்சு மேடம்!" சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. போய் அந்த எல்லில் ஒரு காலைக் கழற்றி எடுத்து வந்தோம். நடுவில் தரை கிடைத்தது, வீட்டில் சமாதானமும் வந்தது.

அதோடு, எந்த ஸ்டைல் வேண்டும் என்று கேட்பதை நான் நிறுத்திவிட்டேன். சாயங்காலமானால் எங்கே உட்காருவீர்கள் என்றுதான் கேட்பேன். ஒரு ஆளுடைய ஸ்டைல் படத்தில் இருக்காது. அவர் வீட்டில், அவர் உடம்பு பழகிய இடத்தில் ஏற்கெனவே இருக்கும். அதைக் கண்டுபிடித்துக் கொடுப்பதுதான் நம் வேலை. இதை நான் முழுசாகக் கற்றுக்கொண்டது லப்பைக்குடிக்காட்டில், சபுரா வீட்டில். அதைத்தான் சொல்லப்போகிறேன், நன்றாகக் கேளுங்கள்.

அன்றைக்குக் கடையில் கூட்டமில்லை. சபுரா தனியாக வந்தார். என்னைவிடச் சில வயது இளையவர். கையில் போன், போனுக்குள் குவைத்திலிருந்து அவர் கணவர் ரஹீம் பாய். சபுரா போனை முகத்துக்கு நேரே வைத்துக்கொள்ளவில்லை. முன்னால் நீட்டிப் பிடித்துக்கொண்டே நடந்தார். கடையைப் பார்த்ததெல்லாம் போன்தான்.

"கேக்குதா? அந்த ஓரத்துல தங்கக் கலர்ல ஒண்ணு தெரியுது பாரு, அதுகிட்டப் போ. கேக்குதா?"

"கேக்குதுங்க."

"கொஞ்சம் பின்னாடி வந்து காட்டு. முழுசாத் தெரியணும். கேக்குதா?"

"கேக்குதுங்க."

ஒவ்வொரு பேச்சுக்கும் வாலாக ஒரு 'கேக்குதா'. வெளிநாட்டில் ஆள் இருக்கிற எல்லா வீட்டிலும் இந்தச் சத்தம் உண்டு. லைன் நன்றாக இருந்தாலும் கத்துவார்கள், பழக்கதோஷம்.

ரஹீம் பாய் தேர்ந்தெடுத்தது நம் கடையின் பெரிய சோபா. கடைசல் வேலைப்பாடு, மேலே தங்கப் பூச்சு, மெரூன் கலர் வெல்வெட். அதற்குக் கடையில் நாங்கள் வைத்திருந்த பேர் அரண்மனை. வாங்க ஆளில்லாமல் ரொம்ப நாளாகத் தூசி வாங்கிக்கொண்டிருந்த அரண்மனை. முதலாளி தன் அறையிலிருந்து ஓடி வந்து, சபுராவுக்குக் கூல்டிரிங்க்ஸ் வாங்கி வரச் சொன்னார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

"மேடம், நான் கேன்சல்ல வர்றேன்" என்றார் ரஹீம் பாய். விசாவை முடித்துக்கொண்டு ஒரேயடியாக ஊர் திரும்புவதைத்தான் அவர்கள் கேன்சல் என்பார்கள். "வர்ற வெள்ளிக்கிழமை ஊர்ல இருப்பேன், இன்ஷா அல்லாஹ். அதுக்கு முன்ன ஹால்ல போட்டுடணும். வர்றவன் போறவன் எல்லாம் பாத்து, ரஹீமு சம்பாரிச்சுட்டு வந்துட்டான்னு சொல்லணும். கேக்குதா மேடம்?"

"நல்லாக் கேக்குது பாய்" என்றேன். சபுராவிடம் திரும்பி, "உங்களுக்குப் புடிச்சிருக்காங்க?" என்றேன்.

"அவுங்க இஷ்டம்தாங்க அக்கா."

இந்த இடத்தில்தான் நீங்கள் கண்ணைத் திறந்து வைத்திருக்க வேண்டும். பேச்சைக் கேட்காதீர்கள், உடம்பைப் பாருங்கள். சபுரா அவ்வளவு நேரம் கடையில் இருந்தார். சுற்றிலும் சோபா, சுற்றிலும் நாற்காலி. ஒன்றில்கூட உட்காரவில்லை. கால் வலித்தபோது தூணில் சாய்ந்துகொண்டார். தன் வீட்டுக்குப் பொருள் வாங்க வந்தவர் யாரும் அப்படி நிற்க மாட்டார்கள்.

"பில்லப் போடும்மா, ஏன் நிக்கிற?" என்றார் முதலாளி என்னிடம்.

"வூட்டப் பாக்காமப் போட மாட்டேன் சார்."

"அவரு அங்கேருந்து பணமே அனுப்பிட்டாரு!"

"அனுப்புனா என்ன சார்? நாளைக்குப் போய்ப் பாத்துட்டு வந்துடுறேன்."

முதலாளி தலையில் அடித்துக்கொண்டார். நான் மறுநாள் காலை டேப்பை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

புது வீடு. வாசலில் கிரானைட், உள்ளே பளபளவென்று டைல்ஸ். ஹால் பெரியதுதான், ஆனால் காலி. ஓரமாக நாலு பிளாஸ்டிக் நாற்காலி. வீடு கட்டி முடித்துக் குடிபோனபோதுகூட ரஹீம் பாய்க்கு லீவு கிடைக்கவில்லை. தான் கட்டிய வீட்டில் அவர் இன்னும் கால் வைத்ததே இல்லை. ஒரே மகள் திருச்சியில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். இத்தனை பெரிய வீட்டில் சபுரா ஒருத்தர்.

டேப் வைத்து அளந்தேன். ரஹீம் பாய்க்குப் போனில் கல்யாண மண்டபம் மாதிரி தெரிந்திருக்கக்கூடிய ஹால், அளந்து பார்த்தால் அவ்வளவு இல்லை. பழைய பேப்பர்களைக் கேட்டு வாங்கி, அரண்மனையின் நீள அகலத்துக்குத் தரையில் விரித்துக் காட்டினேன். இதை எப்போதும் செய்யுங்கள், இதைவிட நல்ல கேட்டலாக் கிடையாது. விரித்து முடித்ததும் தெரிந்துவிட்டது. சோபா வந்தால், ஹாலிலிருந்து உள்ளே போகிற வழி பாதிக்கு மேல் அடைபடும். சபுரா அந்தப் பேப்பரை மிதிக்காமல், உடம்பை ஒருக்களித்து உள்ளே நடந்து பார்த்தார்.

"சாயங்காலம் எங்கங்க உக்காருவீங்க?" என்றேன்.

"உள்ளார வாங்க" என்றார்.

சமையல்கட்டைத் தாண்டி, பின்வாசலுக்கு முன்னால் ஒரு சின்ன இடம். ஒரு ஜன்னல். ஒரு முக்காலி. எதிர்ச் சுவரில் ஒரு பலகை, பலகையில் ஊறுகாய் பாட்டில். முக்காலிக்குப் பின்னால் இருந்த சுவரைப் பார்த்து நான் அப்படியே நின்றுவிட்டேன். வீடு முழுக்க வெள்ளை. அந்த ஒரு சுவர் மட்டும் கிளிப்பச்சை!

"இது யாரு அடிச்சது?"

சபுராவுக்கு முகமெல்லாம் வெட்கம். "நான்தாங்க அடிக்கச் சொன்னேன். வெள்ளச் சுவத்துக்கு முன்னால உக்காந்தா போன்ல என் மொகம் கருப்பாத் தெரியுதாம். அவுங்க சொல்லிட்டே இருந்தாங்க. அதான் இத மட்டும். அவுங்க டூட்டி முடிச்சதும் போன் போடுவாங்க. பாட்டில்ல போனச் சாய்ச்சு வச்சிட்டு, இங்க உக்காந்து கீரை ஆஞ்சுக்கிட்டே பேசுவேன்."

எனக்கு உள்ளுக்குள் ஜிவ்வென்றது. கிடைத்துவிட்டது! அந்த வீட்டில் சபுரா தன் இஷ்டத்துக்குச் செய்த ஒரே காரியம் அந்தச் சுவர்தான். இந்தத் தொழிலில் இதைவிடப் பெரிய சந்தோஷம் கிடையாது, எழுதும்போதுகூட எனக்குக் கை பரபரக்கிறது.

"அப்பறம் ஏங்க அந்த சோபாவுக்குத் தலையாட்டுனீங்க?" என்று கேட்டுவிட்டேன். கொஞ்சம் கடுமையாகத்தான் கேட்டேன்.

சபுரா முக்காலியில் உட்கார்ந்தார். "பயமா இருக்குக்கா. இதுக்கு முன்ன ஒரு தடவயும் கேன்சல்லதான் வந்தாங்க. அப்ப வாடக வூடு. நானும் புள்ளயும் எங்க பாட்டுக்கு இருந்து பழகிட்டோம். அவுங்களுக்கு எங்க உக்கார்றதுன்னே தெரியல. கடத்தெருவுல நிப்பாங்க, வாசப்படில நிப்பாங்க. கொண்டாந்த பெட்டிய முழுசாப் பிரிக்கக்கூட இல்ல. விருந்தாளி மாரியே இருந்துட்டு, மறுபடி விசா எடுத்துட்டுப் போயிட்டாங்க. இந்தத் தடவயும் அப்படி ஆயிடுமோன்னு எனக்குத் தூக்கமே வல்ல. அந்த சோபாவப் பாத்தா ஹோட்டல் மாரி இருக்கு. ஹோட்டல்ல யாரு தங்குவா? ஆனா நான் வேணாம்னு சொன்னா அவுங்க மனசு ஒடஞ்சிடும். அந்த சோபாவப் பத்திப் பேசிக்கிட்டுதான் கடைசி மாசத்தயே ஓட்டுனாங்க."

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான், ஏன் பொய் சொல்ல வேண்டும்? சோபா நுழையுமா நுழையாதா என்று பார்க்க வந்தவள் நான். அந்த மனிதர் இந்த வீட்டில் தங்குவாரா மாட்டாரா என்பதல்லவா இங்கே கேள்வி!

அப்போது வாசலில் ஹாரன் சத்தம். எட்டிப் பார்த்தால் நம் கடை வண்டி. அரண்மனை வந்து நிற்கிறது! ரஹீம் பாய் காலையிலேயே முதலாளிக்குப் போன் போட்டு அவசரப்படுத்தியிருக்கிறார், முதலாளி ஏற்றி அனுப்பிவிட்டார். வண்டி ஓட்டும் செல்வராசு கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார். தெருவே கூடிவிட்டது. "மாஷா அல்லாஹ், ராசா வூட்டு சோபா மாரியில்ல இருக்கு" என்று ஒரு பெண் வெல்வெட்டைத் தடவிப் பார்க்கிறார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

சபுராவின் போன் அடித்தது. ரஹீம் பாய்.

"வந்துடுச்சா? கேக்குதா? அந்தப் பச்சச் சுவத்த ஒட்டிப் போடச் சொல்லு. பச்சைக்கும் தங்கத்துக்கும் ஜோரா இருக்கும். அத நெனச்சுதான் இந்தக் கலரே எடுத்தேன்!"

சபுரா என்னைப் பார்த்தார். நான் சபுராவைப் பார்த்தேன். அந்த மனிதர் அத்தனை நாளும் மனைவிக்குப் பின்னால் பார்த்த பச்சைச் சுவரை ஹால் சுவர் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார். சபுரா போனில் வீட்டைச் சுற்றிக் காட்டிய நாளில் எல்லாமே வெள்ளை. அதற்குப் பிறகு அவர் பார்த்தது அந்த ஒரு சுவரைத்தான். அவருக்கு வீடு என்றாலே அந்தப் பச்சைதான். அது வீட்டில் எங்கே இருக்கிறது என்று மட்டும் தெரியாது.

இப்போது நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? சோபாவை இறக்கி, வெள்ளைச் சுவரை ஒட்டிப் போட்டுவிட்டு, கையெழுத்து வாங்கிக்கொண்டு போகலாம். ஆர்டர் கொடுத்தது அவர், அனுப்பியது முதலாளி, நம் மேல் ஒரு குற்றமும் வராது. அந்த ஒரு நிமிஷத்தில் எனக்கும் அந்த நினைப்பு ஓடத்தான் செய்தது. ஆனால் சபுரா தூங்கவில்லை என்று சொன்னது காதிலேயே இருந்தது.

"செல்வராசண்ணே, எறக்காதீங்க, அப்படியே நில்லுங்க" என்று கத்திவிட்டு, போனை என் கையில் வாங்கிக்கொண்டேன். "பாய், பச்சச் சுவத்தக் காட்டுறேன், பாத்துட்டே வாங்க." வாசலிலிருந்து ஹால், ஹாலில் விரித்த பேப்பர், அந்த ஒடுக்கு வழி, சமையல்கட்டு என்று அவசரப்படாமல் நடந்து, அந்த மூலையில் போய் நின்றேன். "இந்தாங்க, உங்க பச்சச் சுவரு."

ரஹீம் பாய் குரல் வந்தது, கோபமாக.

"அடுப்படிலயா? அவ்வளோ பெரிய ஹாலு கட்டிக் குடுத்தும், தினமும் அடுப்படி ஓரத்துல உக்காந்தா பேசிட்டிருந்த? யாருக்காக நான் கட்டுனேன்?"

நான் வாயைத் திறக்கவில்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள். இந்த மாதிரி நேரத்தில் நம் புத்திசாலித்தனத்தைக் காட்ட நாக்கு துடிக்கும். பேச வேண்டியவர்கள் அவர்கள் இரண்டு பேர். நான் செய்ததெல்லாம், போனைச் சபுராவின் முகத்துக்கு நேரே ஆடாமல் பிடித்துக்கொண்டதுதான்.

சபுரா அதுவரை அவரிடம் எதிர்த்து ஒரு வார்த்தை பேசியிருப்பாரா என்று தெரியாது. அன்றைக்குப் பேசினார்.

"ஹால்ல உக்காந்து பாத்தேங்க. குடிவந்த அன்னிக்கே உக்காந்து பாத்தேன். காலி ஹாலு, எதிரொலிக்குது. நீங்க ஒரு தடவ பேசுனா ரெண்டு தடவ கேக்குது. நீங்க பக்கத்துல இல்லன்னு அதுவே சொல்லிக் காட்டுற மாரி இருந்துச்சு. என்னால தாங்க முடியல. அதான் இங்க வந்துட்டேன். இங்க பேசுனா நீங்க எதுத்தாப்புல உக்காந்திருக்கற மாரியே இருக்கும்."

"மேடம் இருக்காங்களா?" என்றார் ரஹீம் பாய். குரல் இறங்கிப் போயிருந்தது.

"இருக்கேன் பாய். ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அங்க நீங்க எங்க உக்காந்து பேசுவீங்க?"

அவர் போனைத் திருப்பிக் காட்டினார். ஒரு அறை, ஒன்றின் மேல் ஒன்றாக இரும்புக் கட்டில்கள். கீழ்க்கட்டிலில் அவர். மேல்கட்டில் தலையில் இடிக்காமலிருக்கக் கூன் போட்டுத்தான் உட்கார முடியும். "இங்கதாம்மா. நான் வேல பாக்குற ஹோட்டல்ல இதே மாரித் தங்கக் கலர் சோபா இருக்கு, தினம் நான்தான் தொடைக்கிறேன். அதுல நாங்க உக்காரக் கூடாது. ஊருக்குப் போனா, அது மாரி ஒண்ணுல நிமிந்து உக்காந்து, தலையச் சாய்ச்சு, என் வூட்டுல நானு உக்காரணும். அவ்வளோதாம்மா ஆச."

பார்த்தீர்களா! அவர் ஆசைப்பட்டது தங்கத்துக்கு இல்லை. நிமிர்ந்து உட்கார ஒரு முதுகு, சாய்க்க ஓர் இடம். இது தெரியாமல் நாம் ராயலா கிளாசிக்கா என்று கேட்டுக்கொண்டு திரிகிறோம்.

"பாய், இந்த சோபாவத் திருப்பி அனுப்பறேன். வெள்ளிக்கிழமைக்குள்ள நீங்க நிமிந்து உக்கார்ற மாரி நான் பண்ணித் தரேன். அதுக்கு நான் பொறுப்பு."

"சபுரா என்ன சொல்றா?"

சபுரா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "திருப்பி அனுப்புங்கக்கா" என்றார்.

வண்டி கிளம்பி ஊர் எல்லையைக்கூடத் தாண்டியிருக்காது, முதலாளி போனில் வந்துவிட்டார். "யாரக் கேட்டு வண்டியத் திருப்புன?"

"என்னக் கேட்டுத்தான் சார் திருப்புனேன்" என்று சொல்லி வைத்துவிட்டேன். வைத்த பிறகு, வேலை போய்விடுமோ என்று ஊர் போய்ச் சேரும்வரை கணக்குப் போட்டேன். அது வேறு விஷயம்.

மறுநாள் சபுரா கடைக்கு வந்தார், போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு. "உக்காருங்க" என்றேன். "எதுலக்கா?" "எல்லாத்துலயும்!" ஆரம்பித்தார் பாருங்கள்! "இது உள்ள இழுக்குது, எழுந்திரிக்கவே முடியல." "இது முட்டி இடிக்குது." "அய்யய்யோ, இதுல உக்காந்தா டாக்டருக்குக் காத்துக்கிட்டு இருக்கற மாரி இருக்குக்கா!" ஒவ்வொன்றுக்கும் அவர் அடித்த கமெண்டில் முதலாளியே சிரித்துவிட்டார். கடைசியில் கை அகலமான ஒரு தேக்கு நாற்காலி. கையின் மேல் ஒரு தட்டை வைத்துப் பார்த்தார், ஆடவில்லை. "கீர ஆய இது போதும்" என்றார். அதே மரத்தில், முதுகு உயர்ந்து தலை சாய்கிற மாதிரி இன்னொன்று, ரஹீம் பாய்க்கு.

ஹாலுக்கு இரண்டு நீள மர பெஞ்சு, சுவரோரமாக. நடுவில் ஜமுக்காளம், ஜன்னலுக்குக் கனமான பருத்தித் திரை. துணி வந்ததும் எதிரொலி அடங்கியது. சபுரா ஹால் நடுவில் நின்று "ஏங்க" என்று ஒரு தடவை கூப்பிட்டுப் பார்த்தார். ஒரு தடவைதான் கேட்டது. பெஞ்சு மெத்தைக்கு என்ன கலர் என்று நான் கேட்கவே இல்லை. "கிளிப்பச்ச" என்று அவரே சொல்லிவிட்டார்.

சபுராவின் நாற்காலியைப் பச்சைச் சுவரை ஒட்டிப் போட்டோம். மற்றதை எங்கே போடுவது என்று நான் யோசிக்கும்போதே, அவர் போய் எதிர்ச் சுவரிலிருந்த ஊறுகாய் பாட்டிலை எடுத்து உள்ளே வைத்தார். "இந்தப் பலகையக் கழட்டிடச் சொல்லுங்கக்கா. போன் இருந்த எடத்துல அவுங்க உக்காரட்டும்."

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இத்தனை காலம் தொழில் பார்த்த எனக்கு அது தோன்றவில்லை பாருங்கள்.

வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்த பிறகு, திரைச்சீலைக் கம்பி ஒன்றைச் சரிசெய்கிற சாக்கில் நானும் போயிருந்தேன். திருச்சி ஏர்போர்ட்டிலிருந்து கார் வந்தது. ரஹீம் பாய் இறங்கினார். சொந்தக்காரர்கள் ஹாலை நிறைத்திருந்தார்கள். எல்லாருக்கும் சலாம் சொல்லிவிட்டு, பெஞ்சுகளைத் தடவிப் பார்த்துக்கொண்டே நேராக உள்ளே நடந்தார். வழி அவருக்குத் தெரிந்திருந்தது. போனில்தான் நடந்து பார்த்தாரே!

பச்சைச் சுவரின் முன்னால் நின்றார். கையால் தொட்டார். பிறகு எதிரே இருந்த உயரமான நாற்காலியில் உட்கார்ந்து, முதுகை நிமிர்த்தி, தலையைச் சாய்த்தார். சபுரா தன் நாற்காலியில் உட்கார்ந்தார். இரண்டு பேருக்கும் என்ன பேசுவதென்று தெரியவில்லை. ரஹீம் பாய் வாயைத் திறந்தார். பழக்கத்தில் வந்தது அதுதான்.

"கேக்குதா?"

சபுராவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. "கேக்குதுங்க" என்றார்.

நான் கம்பியைப் பாதியில் விட்டுவிட்டு வெளியே வந்துவிட்டேன். ஆனால் வரும்போது, ஹால் மூலையில் ரஹீம் பாய் கொண்டுவந்த பெரிய பெட்டி நிற்பதைப் பார்த்தேன். கயிறு கட்டி, பூட்டுப் போட்டு அப்படியே நின்றது. போன தடவை பெட்டியை முழுசாகப் பிரிக்கவில்லை என்று சபுரா சொன்னது ஞாபகம் வந்தது. நாற்காலி போட்டுவிட்டால் ஆள் தங்கிவிடுவாரா என்ன?

அரண்மனையை அரியலூரில் ஒரு கல்யாண மண்டபத்துக்காரர் எடுத்துப் போனார். மாப்பிள்ளை பெண்ணை உட்காரவைக்க அதுதான் லாயக்கு. முதலாளி சமாதானமாகிவிட்டார். ஆனால் பஸ்ஸில் வரும்போதெல்லாம் எனக்கு அந்தப் பெட்டியே நினைப்பு. போன் போட்டுக் கேட்கவும் பயம்.

நான் வேலையை விட்டு நிற்பதற்குக் கொஞ்ச நாள் முன்னால், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் என் போன் அடித்தது. சபுரா.

"அக்கா, ஒரு பீரோ வேணும்."

"பீரோவா? சுவத்துலதான் கப்போர்டு கட்டியிருக்கே?"

"அது எனக்கும் புள்ளைக்கும்தாங்க சரியா இருக்கு. இது அவுங்க துணிக்கு." குரலில் அப்படி ஒரு துள்ளல். "பெட்டியப் பிரிச்சுட்டாங்கக்கா! முழுசாப் பிரிச்சுட்டாங்க. அடியில கெடந்த குளிர்கோட்டு வரைக்கும் எடுத்து வெளிய போட்டாச்சு. காலிப் பெட்டிய எடைக்குப் போடச் சொல்லிட்டாங்க."

கையில் சோறு ஒட்டியிருக்க, நான் எழுந்து நின்று, "பெட்டியப் பிரிச்சுட்டாராம்!" என்று கத்தினேன். என்ன பெட்டி, யார் பெட்டி என்று கடையில் ஒருவருக்கும் புரியவில்லை. என் புலம்பலைக் கேட்டிருந்த செல்வராசு மட்டும் புரிந்துகொண்டு கை தட்டினார்.

போனில் பின்னாலிருந்து ரஹீம் பாய் குரல், காது கிழிகிற மாதிரி. "கண்ணாடி வச்ச பீரோவாச் சொல்லு! நல்லா ஒசரமா! கேக்குதா? ஏம்மா, கேக்குதா?"

"பக்கத்துலதான நிக்கிறீங்க?" என்றார் சபுரா. "நல்லாக் கேக்குது, கத்தாதீங்க."